நான்காவது கார்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கம்ப்யூட்டர் எழவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறிகள் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகின்றன. நாலு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு பவர் சப்ளை, எல்லாம் சாப்பாட்டு மேசையில்; நானும் அக்காவும் தரையில்.

வெள்ளிக்கிழமை மனநல மருத்துவர் ஒருவர் இதைப் பார்க்க வருகிறார். நோயாளிகள் பேசிய பதிவுகளை எழுத்தாக்கிச் சுருக்கித் தரும் வேலை அக்காவுக்குக் கிடைக்க வேண்டுமானால், ஒரு சொல்கூட இணையத்துக்குப் போகக் கூடாதாம். அதனால்தான் வீட்டிலேயே ஏஐ ஓட்ட இந்தப் பூதம்.

மார்ச் 4, புதன்

மதர்போர்டு கையேட்டை மூன்றாம் முறை முடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பயனில்லை.

ஒவ்வொரு கார்டாகச் செருகிப் பார்த்தோம். மூன்று ஓடுகின்றன. நான்காவதில் கருகிய வாசனை. அக்கா கார்டு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"பழைய கார்டுன்னு சொன்னீங்க. செத்த கார்டுன்னு சொல்லலையே?"

"ஓட்டிக் காட்டித்தானேம்மா குடுத்தேன்."

பாதியிலேயே வைத்துவிட்டாள். "நாளைக்கு நேர்ல போய் உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

மார்ச் 5, வியாழன்

பவர் சப்ளைப் பெட்டியின் அடியில் மடித்த எச்சரிக்கைத் தாள் ஒன்று கிடந்தது. ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் போடக் கூடாது. வாய் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறு, கார்டு எரியும்.

இரண்டின் கேபிள்களையும் ஒன்றாக்கி, நீளம் பார்த்து அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டது யார்? நான்தான். பார்க்க அழகாக இருந்தது.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? கடைக்காரருக்கே தெரியாது. ஆனா அவர அக்கா எப்படியெல்லாம் பேசிட்டா—

அக்கா செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டேன்.

தாளைப் பிடுங்கிப் படித்தாள். பிறகு, "புத்தகத்தையே கரைச்சுக் குடிச்ச. இத எப்படிடி விட்ட?"

"தாளுதானேன்னு..."

செருப்போடு நின்றபடியே கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, தப்பு எங்க மேலதான். நேத்துப் பேசினத மனசுல வச்சுக்காதீங்க." என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

பெரிய ஏஐ மாடல் மூன்று கார்டில் அடங்கவில்லை. சின்னதை ஏற்றினோம். மாதிரிப் பதிவை மெதுவாக எழுதியது. இரண்டு இடத்தில் உளறியது. மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு நான்காவது கார்டின் இடத்தைக் காட்டினார்.

"இந்த இடம் ஏன் காலியா இருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேபிள மாத்திப் போட்டு எரிச்சிட்டோம் டாக்டர்," என்றாள் அக்கா. "நாங்க ரெண்டு பேரும்."

ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.