கோர்ட்டுக்கு நீ வர வேண்டாம்

ராமாமணி, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்பவில்லை. இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருக்கிற சேலையை உள்ளே எடுத்து வை.

பத்து நாளாக உன்னோடு பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. அந்த அடிதடி கேஸில் ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டபோதே, சொல்லாமல் ஜில்லாவைத் தாண்டக் கூடாது என்றுதான் விட்டார்கள். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, மாமன் மடி இல்லாமல் நடக்காது என்று சொல்லாமல் ஜில்லா தாண்டிப் பவானிக்குப் போனது நான். அன்றைக்குப் பார்த்து நன்னடத்தை ஆபீசர் வந்தார். நீ காபி கொடுத்து, "பவானிக்குச் சீருக்குப் போயிருக்காருங்க, பொழுதோட வந்துருவாருங்க" என்றாய். கேட்டவருக்கு வேறென்ன சொல்வாய்.

வக்கீல் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கே உள்ளே போக வேண்டியிருக்கும் போல. மாற்றுத்துணி எடுத்துக்கொண்டேன்.

மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. ரெண்டு தோசையாவது சாப்பிடு. வண்டிச் சாவி டிவி பக்கத்தில்.

நேற்று அடுப்படியில் நீ தனியாகச் சொல்லிப் பார்த்தது காதில் விழுந்தது. "நாந்தானுங்க மாத்திச் சொல்லிப்போட்டேன். அவரு காய்ச்சலோட உள்ள..." வக்கீல் சொல்லிக்கொடுத்ததுதானே? நாலு தடவை ஆரம்பித்தாய். நாலு தடவையும் அதற்கு மேல் உனக்கு வரவில்லை. கூண்டில் ஏறி நீ அப்படி நிற்க வேண்டாம், அம்மணி.

ஒன்று விட்டுப்போச்சு. அந்த ஆபீசர் மறுபடி வந்தால் காபி கொடு. நான் எங்கே என்று இனிமேல் கேட்க மாட்டார்.