ஈரச் சுவரோரம்

11 ஏப்ரல் 2015, சனி

இன்றும் ஓர் எலி. வடக்குச் சுவரடியில், மூக்கு ஈரமண்ணைத் தொட்டபடி செத்துக் கிடந்தது. அம்மா சிமெண்டுப் பைத் தாளைக் கிழித்து அள்ளிக்கொண்டு போய்ப் போட்டாள். "வெயிலு. சாவுது" என்றாள். வெயிலில் எலி சாகுமா?

அப்பா ரிட்டையர் ஆகி, மைன்ஸ் க்வார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்து கிராமத்துக்கு வந்து இரண்டு மாதம். வீடு முடிந்துவிட்டது. சுற்றுச்சுவர் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. காலையும் மாலையும் அதற்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவது அம்மா. அதற்கு மோட்டார் ஓட வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வர வேண்டும். ஆயுசெல்லாம் கரி தோண்டின மனுஷன் வீட்டில் பவர் கட்.

13 ஏப்ரல்

இரண்டு. அதே பக்கம்.

15 ஏப்ரல்

அதே பக்கம் — அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ராஜாம்பாள் வீடு. நிலம் உள்ள குடும்பம். இந்தத் தெருவில் எங்களைத் தவிர எல்லாருமே அப்படித்தான். மகன் குமரவேல் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. அவர்கள் கொட்டகையில் கூரை வரைக்கும் மல்லாட்டை மூட்டை, விதைக்கு எடுத்துவைத்த வேர்க்கடலை.

அம்மா அந்தம்மாவை அக்கா, அக்கா என்று கூப்பிட்டு உருகுகிறாள். வடக்குச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விடச் சொல்லிக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கியதே அவள்தான். மதியம் அப்பா கண் அசந்ததும் அந்த வழியாகப் போய், கொட்டகை நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பது இங்கே கேட்கும். க்வார்ட்டர்ஸில் இருந்தவரை அம்மா இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"கூலி குடுக்கறாங்களா?" என்றேன்.

"ஏன், நீ வந்து வாங்கித் தரியா? பேசிக்கினு உக்காந்தா கை சும்மாவா இருக்கும்?"

எட்டாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "உங்க வீட்ல எலி சாப்பிடுவீங்களாமே?" தாத்தா காலத்தில் அறுப்பு முடிந்த வயலில் வளை வெட்டிப் பிடித்துத் தின்றார்கள். பசி. அதைச் சொல்லாமல் டிபன் பாக்ஸை மூடினேன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

நாங்கள் யார் என்று இந்தத் தெருவுக்கும் தெரியும். எங்கள் சுவரடியில் எலி தானாகவா வந்து விழுகிறது?

19 ஏப்ரல், ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

காலையில் மூன்று கிடந்தன. சிமெண்டுச் சட்டியில் வாரி, தெருவோடு போய் அவர்கள் வாசலில் வைத்தேன். "உங்க வூட்டுப் பொருள் எங்க செவுத்தோரம் வந்து வுழுது. நாங்க தின்னுவோம்னு போடறீங்களா?" தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

குமரவேல் பாய்ந்து வந்தான். "யாரு போட்டா? நீ பாத்தியா?" ராஜாம்பாள், "நீ உள்ள போடா" என்று அவனைத் தள்ளிவிட்டாள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "உள்ள வா மணி." உதறினேன். ராஜாம்பாள் எலிகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா" என்றாள் அந்தம்மா. "நான் எடுத்துப் போட்டுர்றேன்." குனிந்து ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

மறுத்து ஒரு வார்த்தை இல்லை. குற்றமுள்ளவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

20 ஏப்ரல்

கொத்தனார் கேட்டார்: "இந்த வழிய அப்படியே வுடறதா, அடைக்கிறதா?" அப்பா வெளியே போயிருந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

அடைங்க என்றேன்.

28 ஏப்ரல்

அன்றிலிருந்து எலி இல்லை. மற்ற சுவருக்கெல்லாம் பூச்சு ஆகிவிட்டது. அடைத்த இடத்துக்கு மட்டும் அம்மா இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். மதியத்தில் அவளுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை.

3 மே

"பாத்தியா, கேட்டாத்தான் நிக்குது" என்றேன், எலிகளைச் சொல்லி. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மருந்து வெக்க ஆளு போகல. அதான் நின்னுச்சு."

"யார் வெச்சிக்கினு இருந்தா?"

"நாந்தான்."

ராஜாம்பாள் மாசாமாசம் பிள்ளையாருக்குச் சதுர்த்தி விரதம் இருக்கிறவள். எலிமருந்தைத் தொடமாட்டாள். மூட்டையெல்லாம் ஓட்டையாகிறது. அம்மா வைத்துக் கொடுத்தாள். தின்றவை தாகத்தில் ஈரம் தேடி ஓடியிருக்கும். இந்த வெயிலில் தெருவிலேயே ஈரம் எங்கள் சுவரில்தான்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"தெருவுல நின்னு கத்தற. அங்க வெச்சி நாந்தான் அவங்களுக்கு மருந்து வெக்கறன்னு சொன்னா, அத்தோட வுட்டிருப்பியா? வூட்லயே சொல்ல பயந்துதான இருந்தேன்."

விட்டிருக்க மாட்டேன். இப்போதும் விடவில்லை. "அவங்க கைக்குப் பாவம் ஒட்டும், உங்கைக்கு ஒட்டாதா?" என்று கேட்டும்விட்டேன்.

அம்மா கழுநீரைச் செடியில் ஊற்றினாள். "அவங்க எனக்கு முருங்கக்கீர ஒடிச்சிக் குடுத்தப்ப நீ ஒண்ணும் கேக்கலியே."

அந்தக் கேள்வி தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் மருந்தைத் தொடாத அந்தக் கையால் தெரு பார்க்கச் செத்த எலியைத் தூக்க வைத்தது நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நடுவில் நான், சட்டியோடு.

12 மே

வேலை முடிந்து வரும்போது போனேன். குமரவேல் கேட்டைத் திறக்கவில்லை.

"ஆன்ட்டியப் பாக்கணும்."

"அம்மா தூங்குது." தாழ்ப்பாளைப் பிடித்தபடியே, "ஏன், இன்னைக்கும் ஏதாச்சும் வுழுந்துச்சா?"

கொட்டகையில் மல்லாட்டை உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

17 மே

திரும்பவும் போனேன். தூங்குகிறதாம்.

வழியை உடைத்துவிடலாம் என்றேன் அம்மாவிடம். "வேணாம். ஒடச்சிட்டா மட்டும் போயிடுவனா?" என்றாள்.

26 ஜூலை, ஞாயிறு

ஆடி விதைப்பு. ராஜாம்பாள் வீட்டு வாசலில் விதைமூட்டை ஏற்ற டிராக்டர் நிற்கிறது.

காலையில் குழாயடி வாளிக்குப் பக்கத்தில் ஓர் எலி. ரொம்ப நாளைக்குப் பிறகு. நான் எடுக்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை, தாளில் அள்ளினாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு வேற ஆளு கெடச்சிட்டாங்க" என்றாள்.

போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண்ணின் பேச்சுச் சத்தம். பழகின குரல் இல்லை. நடுவில் ராஜாம்பாள் சிரித்தாள்.

அம்மா குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு நின்று கேட்டாள்.