கப்பைப் பார்த்துக் காலம் சொன்னவளுக்கு

நேற்று மகளின் போனில் ஒரு பழைய அமெரிக்க சீரியல் ஓடியது. கறுப்பு வெள்ளை. அதில் ஒரு அம்மாள் மெல்லிய கப்பைச் சாசரில் வைத்ததும் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன்.

விருத்தாசலத்துக்குக் கேபிள் வந்த புதிதில், பீங்கான் யூனிட்டில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டி முடித்ததும் இருவரும் நேராக உன் வீட்டுக்குத்தான் போவோம். நமக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எந்த சீரியல் எந்தக் காலத்தது என்று நீ சொல்லிவிடுவாய்.

"மூஞ்சிய பாக்காதடி, மேசைய பாரு."

யூனிட்டில் கிடந்த வெளிநாட்டு மாதிரிப் புத்தகங்களில் வருஷம் போட்டிருக்கும். அதில் உள்ள கப்போடு டிவியில் வரும் கப்பை ஒப்பிட்டு நோட்டில் எழுதுவாய். சாசரும் மெல்லிய கப்பும் என்றால் ஐம்பதுகள். கனத்த மக் என்றால் எழுபதுகள்.

"எம்பதுல கப்பையே காணோம் பாரு. பணக்காரங்க வூட்டுல எல்லாம் கண்ணாடி கிளாஸு."

தொண்ணூறுகளின் காபிக் கப்பைக் கண்டு, "இது கப்பா, கொழம்பு சட்டியா?" என்று சிரித்தாய்.

உன் தெருவில் குடியிருந்த கல்லூரி வாத்தியார், "பாத்துட்டுத் தரேம்மா" என்று அந்த நோட்டை வாங்கிப் போனார். ஆறு மாதத்தில் 'அமெரிக்க சீரியல்களின் வரலாறு' என்று அவர் பெயரில் புத்தகம் வந்தது. கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. நீ எழுதியதையே செந்தமிழாக்கி வாசித்தார். மைக் செட்காரருக்குக்கூட நன்றி சொன்னார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் கேட்க எழுந்தேன். நீ கையைப் பிடித்து இழுத்தாய்.

"உக்காருடி. நாம சொன்னது சரின்னு அச்சுல வந்துடுச்சுல்ல, போதும்."

அதோடு விட்டாயா? கையும் தட்டினாய்.

எப்படியடி போதும்? நாம் ஒட்டிய கப்பின் அடியில் முதலாளியின் முத்திரை இருக்கும். அது அவர் காசு, போகட்டும். இது உன் கண், உன் மூளை. அந்த வாத்தியாரை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கைதட்டலுக்காக உன்னையும்தான்.

இன்றும் எந்தக் கூட்டத்திலும், "இத யாரு செஞ்சாங்க, பேர சொல்லுங்க" என்று எழுந்துவிடுகிறேன். சண்டைக்காரி என்கிறார்கள். என்னை உட்காரச் சொல்ல இப்போது நீ இல்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்: அந்தப் புத்தகத்தை எழுதியவள் கைப்பிடி ஒட்டும் அஞ்சலை.