எடை மெஷினுக்கு அடியில் ஒரு திருகு

ஐப்பசி 9, வியாழன் இரவு

இன்று ராஜபாளையத்தில் டாக்டர் எடை பார்த்தார். தொண்ணூற்றாறு கிலோ. இரண்டு மாதத்துக்கு முன்பும் அதேதான். வீட்டு மெஷின் தொண்ணூற்று மூன்று காட்டுகிறதே என்றேன். "இரைப்பையைச் சின்னதாக்கி ஆறு மாசம் ஆச்சுல்ல, நடுவுல எடை இப்படி நிக்கும்மா. பயப்படாதீங்க" என்றார். கூட வந்த என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் குனிந்து பார்த்தேன். யாரும் ஏறாமலே முள் பூஜ்யத்துக்கு மூன்று கோடு பின்னால் நின்றது. புரட்டினேன். அடியிலிருந்த திருகில் கிரீஸ் கறை. இவர் மில்லில் ஃபிட்டர்.

"ஏன் இப்படிச் செஞ்சீக?"

சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். "ஏட்டி, தினம் காலையில முள்ளப் பாத்துட்டு அம்புட்டு அழுத. என்னால தாங்க முடியல."

கையில் இருந்ததை எறியலாம் போலக் கோபம் வந்தது. எறியவில்லை. முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்தேன். இவர் தூங்கிவிட்டார். நாளைக் காலையில் அது தொண்ணூற்றாறுதான் காட்டும். அழுகை வந்தால், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும், இவருக்குக் கேட்காமல்.