மே மாதத்துக்கு முன்பே விற்ற பஸ்

அன்பு மகள் மேரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். கோடியாக் தீவில் உன் விரல் வெடிப்பு ஆறியிருக்கும், மீன் ஆலையில் ஈரக் கையுறையை மாட்டிக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு நீ பேசியபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். ஒழுகாமல் நன்றாக இருக்கிறது, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்றேன். "என் படுக்கையில மட்டும் யாரையும் உக்கார விடாதம்மா" என்று சிரித்தாய். சரி என்றேன். அந்த நேரத்தில் உன் படுக்கையில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவள் பஸ்ஸை வாங்க வந்தவள். அக்டோபரில் நம் ஹோலிஸை அடக்கம் செய்த மறுநாள் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மே மாசம் நான் வர்ற வரைக்கும் விக்காத. கொஞ்ச நாள் அதுக்குள்ள இருந்துட்டுப் போறேன், அப்புறம் நீ என்ன வேணா பண்ணு" என்றாய். விற்கமாட்டேன் என்று சொன்னேன். இப்போது பிப்ரவரி. நாம் பதினோரு வருடம் வீடாகக் குடியிருந்த பஸ்ஸை விற்றுவிட்டேன்.

காரணம் எழுத வேண்டும். நவம்பரிலிருந்து நான் அதற்குள் படுக்கவில்லை. ஹோலிஸின் பிக்கப் வண்டியில் முன் சீட்டில் கால் மடக்கிப் படுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் சமைப்பேன், துணி மாற்றுவேன், படிப்பேன், எல்லாம் செய்வேன். படுத்தால் மட்டும் சிறிது நேரத்தில் உடம்பு தானாக எழுந்து வெளியே வந்துவிடும். பயம் இல்லை. அழுகையும் வரவில்லை, நீ ஒவ்வொரு வாரமும் கேட்கிறாயே என்று சொல்கிறேன், ஒரு தடவைகூட வரவில்லை. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்திருக்கும், அதைச் சுரண்டிவிட்டு பீக்கன் கொட்டை பொறுக்கப் போய்விடுவேன். ஜனவரி கடைசியில் தோட்டத்தில் அறுவடை முடிந்தது. அப்போதுதான் லாஸ் குரூசஸ் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கி வைக்கிற வேலை கிடைத்தது. பஸ்ஸைத் தோட்டத்திலேயே நிறுத்திவிட்டு நான் ஊருக்குள் போயிருக்கலாம், மே வரை தோட்டத்துச் சொந்தக்காரர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அப்படி விட்டுவிட்டுப் போனால் மே மாதம் உன்னோடு திரும்ப அதற்குள் வந்து படுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. தீவனக் கடைப் பலகையில் விளம்பரம் ஒட்டினேன். இதுதான் நடந்தது, இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

வந்தவர்கள் அக்காவும் தங்கையும், டெமிங்கிலிருந்து. அக்கா வெர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது, இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். தங்கை லோரெட்டா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை, வீட்டை விற்றுவிட்டார்கள். வெர்னா வந்ததும் நேராக பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். லோரெட்டாதான் கொஞ்ச நேரம் நிறத்தையே பார்த்துவிட்டு, "பட்டாணி சூப்பு கொட்டின மாதிரி இருக்கு, யாரு இத அடிச்சது, கண்ணு?" என்றாள். இது பழைய பள்ளிக்கூட பஸ், அந்த மஞ்சளை மாற்றாமல் வீடாகப் பதிவு செய்ய முடியாது, அந்த வருடம் மலிவாகக் கிடைத்த பெயிண்ட் அதுதான் என்றேன். ஹோலிஸ் அடித்தது என்று சொல்லவில்லை. அடியிலிருந்து வெர்னாவின் குரல் வந்தது, "நிறத்தை விடு, இந்தப் பிரேக்கைப் பாத்தவன் கை தெரிஞ்சவன்" என்று. இரண்டாவது மேல்ஜன்னல் பெருமழையில் ஒழுகும், சிங்க்குக்குக் கீழே தரை கொஞ்சம் அமுங்கும், இரண்டையும் காட்டினேன். ஏன் விற்கிறாய் என்று லோரெட்டா கேட்டாள், ஊருக்குள் வேலை என்றேன். உன் படத்தைப் பார்த்து, "இருபது வயசுல பொண்ணா? நீயே இன்னும் பொண்ணு மாதிரி இருக்க, கண்ணு. நான் தங்கச்சின்னு நினைச்சேன்" என்றாள். பதினேழில் பெற்றேன் என்றேன். "அப்ப உன் கணக்கு சரிதான்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டு செக்கைக் கொடுத்தார்கள். அவர்களுடைய அண்ணன் மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். உன்னுடைய பொருள்களை முன்பே எடுத்து வைத்துவிட்டேன், புத்தகங்கள் நான்கு பெட்டி. வெர்னா கிளம்புவதற்கு முன் வண்டியைச் சோதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கையில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. டயர், விளக்கு ஒவ்வொன்றும், கண்ணாடிகள், காற்றுப் பிரேக்கின் அழுத்தம், பின்பக்க அவசரக் கதவு மூன்று தடவை திறந்து மூடி, கால் மணி நேரம். இருபத்தாறு வருடம் தினமும் காலையில் செய்தது, கை தானாகப் போயிற்று. பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் புகைபோக்கி கிடையாது, அதனால் அவள் கூரையைப் பார்க்கவே இல்லை. அன்று காலை அவர்களுக்குக் காப்பி போட விறகடுப்பை மூட்டியிருந்தேன், அதன் புகைக்குழாய் கூரைக்கு மேல் நான்கு அடி நின்றுகொண்டிருந்தது.

நாம் கிளம்பும்போது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஸ்டீரிங்கில், ஹோலிஸ் உள்ளே அலமாரிகளைத் தாழிட்டுக்கொண்டு, நீ வெளியே. குழாய் இறக்கியாச்சா என்று நீ கத்த, இறக்கியாச்சு என்று நான் கத்த, படி தூக்கியாச்சா, தூக்கியாச்சு. நீ அலாஸ்காவுக்குப் போன பிறகு அந்த இடத்தில் ஹோலிஸ் நின்றான். நான் வெளியே நின்று அந்த பஸ் புறப்படுவதைப் பதினோரு வருடத்தில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை. மறந்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. குழாயைப் பார்த்தேன், அது நிற்கிறது என்று மனதுக்குள் வார்த்தையாகவே வந்தது. யாராவது கேட்பார்கள், கேட்டதும் பதில் சொல்லலாம் என்பதுபோல் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. பாதை முடிவில் தாழ்வாகச் சாய்ந்திருக்கிறதே அந்தப் பீக்கன் கிளை, அதில் மோதியது. கூரைத் தகடு ஒரு கை நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே அடுப்பு கால் பெயர்ந்து சாய்ந்தது. நல்ல வேளை, நெருப்பு அணைந்திருந்தது. ஓடிப்போனேன். வெர்னா பிரேக்கைப் போட்டுவிட்டு முதல் வேலையாகக் கடைசி வரை நடந்து, உன் படுக்கைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லோரெட்டா தலையிலிருந்து மடிவரை கரியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "பிள்ளைங்கள எண்ணிட்டு வா அக்கா, நான் இங்கயே சாகறேன்" என்றாள்.

வெர்னா வெளியே வந்து கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ வெளியதான நின்ன. பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். "பாத்துட்டு?" என்றாள். சும்மா நின்றேன் என்றேன். அவள் கத்தவில்லை. "உனக்கு விக்க மனசில்ல. செக்கு இன்னும் உன் சட்டைப் பையிலதான் இருக்கு, கிழிச்சுப் போடு. உன் பிக்கப்ல எங்கள டெமிங்ல கொண்டுபோய் விட்டுடு, முடிஞ்சுது" என்றாள். மேரன், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். அந்த நிமிடம் நான் தலையாட்டியிருந்தால் போதும். பஸ் நம்மிடமே இருந்திருக்கும், உனக்குச் சொன்ன சொல்லும் நின்றிருக்கும், நீ எதையும் அறியாமல் மே மாதம் வந்து இறங்கியிருப்பாய். செக்கை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பிறகு திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, விற்கத்தான் வேண்டும், கூரையை நானே சரிசெய்து தருகிறேன் என்றேன். அதன் பிறகு மற்றதையும் சொன்னேன். என் புருஷன் அக்டோபரில் இதற்குள்தான் செத்தான், பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றும்போது, நான் சிங்க்கில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது என்று. எந்த பெஞ்சு என்று லோரெட்டா உள்ளேயிருந்து கேட்டாள். நீங்கள் உட்கார்ந்திருப்பது என்றேன். எழுந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். "எந்திரிச்சு என்ன ஆகப்போவுது. எங்கம்மா செத்த கட்டில்லதான் இவ இருபது வருஷமா குறட்டை விடறா" என்றாள். "நல்ல கட்டில் அது" என்றாள் வெர்னா. பிறகு கதவு வழியாக உன் படத்தைக் காட்டி, விற்பது இவளுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அத நீதான் சொல்லணும். எங்க தலையில போடாத" என்றாள்.

சனியும் ஞாயிறும் கூரை மேல் இருந்தேன். தீவனக் கடையிலிருந்து தகடு வாங்கி, வெட்டி, பசை தடவி, ஹோலிஸின் ரிவெட் துப்பாக்கியால் அடித்தேன். வெர்னா கீழேயிருந்து இது கோணல், அது கோணல் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், கோணல்தான், ஆனால் ஒழுகாது, வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன். இரண்டு நாளும் அவர்கள் பஸ்ஸில் படுத்தார்கள், நான் பிக்கப்பில். லோரெட்டா பச்சை மிளகாய் போட்ட பன்றிக் குழம்பு வைத்தாள், உன்னுடையதைவிடக் காரம். ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது நான் ஏணியில் இருந்தேன், என்ன சத்தம் என்று கேட்டாய், கூரையைச் சரி பண்ணுகிறேன் என்றேன். நல்ல வேலை செய்தாய் என்றாய். அப்போதும் சொல்லவில்லை. போனில் உன் குரல் கேட்கிறபோது எனக்கு வாய் வரவில்லை, எழுதுவது எளிதாக இருக்கிறது.

இப்போது இருப்பது நூலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறை. முகவரி உறையின் மேல் இருக்கிறது. இரண்டு பேர் படுக்கலாம், ஜன்னலுக்கு வெளியே சுவர். உன் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், திறக்கவில்லை. நீ கோபப்படுவாய், கோபம் நியாயம்தான். வருத்தமாக இருக்கிறது என்று எழுத ஆசைதான், இன்னும் அந்த இடத்துக்கு நான் வந்து சேரவில்லை, வந்ததும் எழுதுகிறேன். பதில் போட மனமில்லாவிட்டால் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு அட்டையில் எழுதிப் போடு. கைக்கு இரவில் களிம்பு போட மறக்காதே, இரட்டை ஷிப்டு கேட்டால் எல்லா நாளும் ஒத்துக்கொள்ளாதே. நீ போகிற இடமெல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி நல்லவர்கள் இருக்க வேண்டும்.

அவர்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். குழாயைக் கழற்றிப் போர்வையில் சுற்றி உள்ளே படுக்கப் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பாதை முடிந்து ரயில் தண்டவாளம் வருகிறதல்லவா, அதற்கு முன்னால், பிள்ளைகளை ஏற்றிய பள்ளிக்கூட பஸ் கட்டாயம் நிற்க வேண்டியதுபோல், வெர்னா பஸ்ஸை நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டாள். ரயில் எதுவும் வரவில்லை. கதவை மூடிவிட்டு, தண்டவாளத்தைக் கடந்து, மேற்கே திரும்பிப் போனாள்.

உன் அம்மா,
கோரின்