சானு போட வேண்டிய ஒப்பு

மார்ச் 4
பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். விழுந்ததே தெரியாது. யாரோ உதட்டில் சர்க்கரை தடவியிருந்தார்கள். சுகர் 34. பதினொரு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறேன். முன்பெல்லாம் குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும். இப்போது ஒன்றும் இல்லை. இது நான்காவது முறை. சானு சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. புருஷன்தானே.

மார்ச் 19
திருவனந்தபுரத்தில் டாக்டர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். பன்றியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்து என் ஈரலுக்குள் விடுவார்களாம். நோய் அண்டாமல் தனியாக வளர்த்த பன்றி. உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. பலிக்கும் என்று உறுதியில்லை.
மாமி, சானுவின் அம்மா, கேட்டார்: “பன்னிக்க சாதனமா? கிறிஸ்மஸுக்கு தின்னுதோம், சரி. உள்ள வச்சிட்டு நடக்கவா மக்கா?”

மார்ச் 20
ஆய்வில் சேரும் படிவம் முழுவதும் வாசித்தேன். இனிக் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பன்றியிடமிருந்து கிருமி ஏதும் வந்ததா என்று ஆயுள் முழுக்க ரத்தம் எடுப்பார்கள். கணவனுக்கும். அதனால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.
கல்யாணம் முடிந்து மூன்று வருடம்.

மார்ச் 27
சானு ஒப்பு போடவில்லை. படிவம் டிவி பக்கத்தில் கிடக்கிறது.

ஏப்ரல் 2
கேட்டேவிட்டேன். “எனக்கு ஒரு பிள்ள வேணும் ரெஜிலா. அது தப்பா?” என்றார். தப்பில்லை. எனக்கு மட்டும் வேண்டாமா? அதைச் சொல்லியிருக்கலாம். சோறு வடிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 11
காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தேன். கதவை உடைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் விழித்தபோது சானுவின் முழங்கையில் கட்டு.
“ஒப்பு போட்டாச்சு” என்றார். “இனி நீ ஒண்ணும் பேசண்டாம்.”


ஜூன் 23
செல்களை உள்ளே விட்டாயிற்று. விலாவுக்குக் கீழே ஒரு குழாய், ஒரு சின்னப் பையில் திரவம். இவ்வளவுதானா? எனக்குள் பன்றி என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 9
துணி காயப்போடும்போது கை நடுங்கியது. அளந்தேன் — 66. குறைந்தது எனக்கே தெரிந்திருக்கிறது! ஏழு வருடத்தில் முதல் முறை. இன்சுலினும் பாதியாகக் குறைந்துவிட்டது. சானுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நெசமாவா?” என்றார். இன்னொரு தரம் அளக்கச் சொன்னார்.

டிசம்பர் 14
ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டு அம்பிளி அக்கா: “விசேஷம் ஒண்ணும் இல்லியா?” சானு செருப்பு தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மாமிதான், “அது இனி கேக்கண்டாம், கேட்டியா. எனக்க பிள்ள இவளாக்கும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரோடு வரை விடவில்லை.
பஸ்ஸில் ஏறிய பிறகு அழுதேன். சானு எனக்கு ஜன்னலோரம் விட்டார்.