ஷெமிக்க குழியில நிக்குற தண்ணி

அன்புள்ள அப்பாவுக்கு சிபி எழுதுறது. எனக்கு சுகம்தான், மூணு நேரமும் சாப்பிடுறேன். அம்மைக்க கால்வேதனை கொறஞ்சுதா?

இங்க பூனேயில மழை தொடங்கியாச்சு. இந்த காலனியில இருநூறு வீட்டுக்க மழைத்தண்ணியும் நாங்க பாக்குற ஓடை வழியாக்கும் குளத்துக்குப் போகுது. இடையில மண்ணு தங்குற குழிய வாரணும், குளத்துத் தண்ணி கலங்காம இருக்கான்னு சோதிக்கணும். செவ்வாக்கிழமை அந்தக் குழிக்குள்ள வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பளவு தண்ணிதான், பேடிக்க ஒண்ணும் இல்ல. கூட வேலை பாக்குற காட்டாக்கடை அனூப் மேல நின்னு, "எலே, குளிச்சது மதி, போதும், கேறி வா"ன்னு சிரிச்சான். எனக்குக் கேறணும்னே தோணல்ல. அவன்தான் கையப் பிடிச்சு இழுத்தான்.

நீங்க போன்ல, "ஷெமிக்க குழி தாந்து தண்ணி கெட்டி நிக்குது மக்கா, சிமெண்ட் போட்டு மூடட்டா?"ன்னு கேட்டீங்க. வேலை இருக்குன்னு நான் போன வச்சுட்டேன். நான் கெட்டினவள அடக்கி நாலு மாசம்தானே ஆச்சு, மண்ணு இன்னும் அமரும். இப்பம் சிமெண்ட் போட்டா வெடிக்கும், தண்ணியும் அடியில கெடக்கும். மண்ணு இட்டு நடுவுல உயர்த்துங்க. சுத்தி ஒரு சாண் ஆழத்துல சால் வெட்டி, ஜல்லி போட்டு, கல்லறைத்தோட்டத்துக்க கிழக்கு மதில் பக்கம் சரிச்சு விடுங்க.

ஊரான் வீட்டுல எல்லாம் தண்ணி நிக்காம நான் பாக்குறேன். அவ ஈரத்துணிய வீட்டுக்குள்ள காயப்போடக்கூட சம்மதிக்க மாட்டா.

வேலைக்குப் போற வண்டி வந்தாச்சு. வேற ஒண்ணும் எழுதாட்டாலும் சாரமில்ல அப்பா, தண்ணி வடிஞ்சுதான்னு மட்டும் எழுதுங்க.

சிபி